குளிர் மட்டும் போதாது

ஐப்பசி மழைக்காற்றில் நாளெல்லாம் தொங்கினாலும் ஈரம் விடாத தோல், மாசி மாத வறண்ட காற்றில் விரைவில் காய்ந்துவிடுவது தோல் பதனிடும் ஊரான வாணியம்பாடிக்குப் பழகிய செய்தி. காற்று ஏற்கெனவே எவ்வளவு ஈரத்தைச் சுமந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. பனிச்சறுக்குச் சரிவுகளில் செயற்கைப் பனி தூவும் 'ஸ்னோ கன்' இயந்திரத்துக்கும் அதே கணக்குதான். 1950-இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் உருவான இந்த இயந்திரம், அழுத்தக் காற்றோடு நீரைப் பொடித்துளிகளாகப் பீய்ச்சுகிறது. வெளியே வந்து விரியும் காற்று சட்டென்று குளிர்ந்து, சில துளிகளைப் பனி விதைகளாக்குகிறது. மற்றத் துளிகள் அந்த விதைகளில் மோதி உறைகின்றன. உறையும் நீர் வெளியிடும் வெப்பம் எங்காவது போயாக வேண்டுமே! குளிர்காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. துளிகளின் ஓரத்திலிருந்து ஆவியாகும் நீர் இன்னொரு பங்கைக் கொண்டுபோகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பத்தை இழந்தால், பூஜ்யம் டிகிரியில் இருக்கும் ஏழு லிட்டர் நீர் உறைந்துவிடும். அதனால் இயந்திரத்தை ஓட்டுபவர்கள் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையைத்தான் பார்க்கிறார்கள். அது ஏறக்குறைய மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். பூஜ்யம் டிகிரியில் ஈரப்பதம் 30 சதவீதமாக இருந்தால் ஈரக்குமிழ் மைனஸ் 4-ஐ ஒட்டி நிற்கும், பனி விழும். அதே பூஜ்யத்தில் மூடுபனி சூழ்ந்திருந்தால் தரையில் சேறுதான் மிஞ்சும்.

சீசன் தொடக்கத்தில் ஓரிரு தடங்களை மட்டும் திறந்து, வந்த கூட்டத்தையெல்லாம் அவற்றிலேயே நெருக்குகிறார்கள் என்பது சறுக்கு ஊர்களின் பழைய புகார். நிர்வாகத்தின் கஞ்சத்தனம் என்று அதைத் தள்ளிவிட முடியவில்லை. ஒரு கிலோமீட்டர் நீளம், 30 மீட்டர் அகலமுள்ள தடத்தில் 30 சென்டிமீட்டர் பனி போட 9,000 கன மீட்டர் பனி வேண்டும். இயந்திரப் பனி புதிதாக விழும் இயற்கைப் பனியைவிடப் பல மடங்கு அடர்த்தியானது. ஆகவே நீர்ச்செலவு சுமார் 40 லட்சம் லிட்டர், பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் 400 நடை. பருவத்தின் தொடக்கத்தில் உறைகுளிர் இரவுகளும் சில மணி நேரமே வாய்க்கும். அதே பனியை நான்கு தடங்களுக்குப் பிரித்தால் நெரிசல் குறையாதா என்று கேட்கலாம். பிரித்தால் ஒவ்வொன்றிலும் ஏழரை சென்டிமீட்டர்தான் தேறும். சறுக்குப் பலகைகள் அதை ஒரே நாளில் சுரண்டி எறிந்து, கல்லையும் மண்ணையும் வெளியே காட்டிவிடும். நான்கு ஆபத்தான தடங்களைவிடக் கூட்டம் மொய்க்கும் ஒரு தடம் மேல். ஆனால் உள்ளே விடும் ஆட்களுக்கு வரம்பு வைத்தால்தான் இந்த வாதம் நிற்கும்.

பாலாற்றங்கரையில் இருப்பவர்களுக்கு இன்னொரு கேள்வி எழும்: விளையாட்டுக்கு இவ்வளவு தண்ணீரா? பெரும்பகுதி இளவேனிலில் உருகி ஓடையில் சேர்ந்துவிடும் என்பார்கள். உண்மைதான், ஆனால் ஓடைகள் வற்றிக் கிடக்கும் குளிர்காலத்தில் எடுத்ததை வசந்தத்தில் திருப்பித் தருவது முழு ஈடாகாது. அதனால்தான் முன்கூட்டியே நீர் சேர்த்துவைக்கும் குளம் தேவைப்படுகிறது. உத்தராகண்டின் ஔலியில் அப்படி ஒரு செயற்கை ஏரியே உண்டு. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக அங்கே இயந்திரங்களும் வந்தன. அப்படியும் 2018 ஜனவரியில் பனி போதாமல் சர்வதேசப் போட்டி ரத்தானது. காஷ்மீரின் குல்மார்கிலும் 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள், இயற்கைப் பனிக்காகக் காத்திருந்து மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. மிதமான, ஈரமான குளிர்காலத்தில் இயந்திரங்களின் எண்ணிக்கையைக் கூட்டிப் பயனில்லை. ஈரக்குமிழ் இறங்காத இரவில் அவை எல்லாமே ஒருசேர நிற்கும்.