முதுகெலும்பில் காசநோய்: கூன் விழுமுன் அறிய வேண்டியவை

ரயில் நிலையத்துக்கே 'தாம்பரம் சானடோரியம்' என்று பெயர் அமைந்த பகுதியில் நாம் வாழ்கிறோம். அப்பெயருக்குக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928-ஆம் ஆண்டு டாக்டர் டேவிட் சவுரிமுத்து நிறுவினார். இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்குகிறது. ஆகவே காசநோய் என்றதும் இப்பகுதி மக்களின் நினைவுக்கு வருபவை இருமலும் சளியுமே. அதே கிருமி எலும்பையும் மூட்டையும் தாக்கும் என்று நாங்கள் கூறும்போது, "எனக்கு இருமலே இல்லையே, டாக்டர்?" என்று நோயாளிகள் வியப்புடன் கேட்கின்றனர்.

எலும்பு, மூட்டுகளில் தோன்றும் காசநோயில் ஏறத்தாழப் பாதி முதுகெலும்பில்தான் காணப்படுகிறது. பெரும்பாலும் நுரையீரல் வழியே உடலுக்குள் நுழையும் கிருமி, இரத்த ஓட்டத்தின் வழியாக முள்ளெலும்புகளைச் சென்றடைகிறது. அடுத்தடுத்த இரு முள்ளெலும்புகளின் முன்பகுதியும் அவற்றுக்கு இடையிலுள்ள வட்டும் மெல்ல அரிக்கப்படுகின்றன. முன்பகுதி நொறுங்க, பின்பகுதி நிலைத்து நிற்பதால் முதுகு முன்னோக்கி வளைகிறது. அதுவே கூன். அரிக்கப்பட்ட இடத்தில் சேரும் சீழோ எலும்புத் துண்டோ பின்னோக்கித் தள்ளித் தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் வலுவிழக்கும். இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779-இல் இந்நிலையை விரிவாக எழுதினார். அதனால் இந்நோய் இன்றும் அவர் பெயராலும் அழைக்கப்படுகிறது.

எங்களைக் கவலைகொள்ளச் செய்வது நோயைவிட, அதைக் கண்டறிய ஆகும் காலமே. பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள அலுவலகத்துக்குப் பெருங்களத்தூரிலிருந்து நாள்தோறும் இருசக்கர வாகனத்தில் சென்றுவரும் இளைஞருக்கு முதுகு வலித்தால், நாற்காலியையும் வேகத்தடையையும் குறை கூறுவது இயல்பே. பெரும்பாலான வேளைகளில் அந்தக் கணிப்பு சரியாகவும் இருக்கிறது. அவ்வாறே கருதி வலி மாத்திரை, இடுப்புப் பட்டை, எண்ணெய்த் தடவல் என ஐந்து மாதங்களைக் கழித்துவிட்டு ஒருவர் எங்களிடம் வந்தார். அவர் சொன்ன ஒரு செய்தியே எங்களை நிமிர வைத்தது: "படுத்தாலும் வலி விடவில்லை, பேன்ட் எல்லாம் தளர்ந்துவிட்டது."

தசைப்பிடிப்பால் வரும் வலி ஓய்வெடுத்தால் தணியும். சில வாரங்களில் குறையும். காசநோய் வலியோ வாரந்தோறும் கூடிக்கொண்டே செல்லும். இரவில் உறக்கத்தைக் கலைக்கும். மாலைநேரக் காய்ச்சல், பசியின்மை, எடை குறைதல் ஆகியவை உடன் வரலாம், வராமலும் இருக்கலாம். முதுகின் நடுவே ஓர் எலும்பு மட்டும் புடைத்துத் தெரிந்தாலோ, செருப்பு தானே கழன்று விழுந்தாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீர் கழிப்பதில் தடை ஏற்பட்டாலோ அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். அந்நிலையில் முதுகை மிதிக்கச் செய்வதும், எலும்பை 'நேராக்க' அழுத்தித் திருகுவதும் தண்டுவடத்துக்குப் பேராபத்து.

தாமதத்தில் மருத்துவர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. எலும்பின் கனிமத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரைந்த பின்னரே சாதாரண எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியும். 'எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது' என்ற சொல்லில் நோயாளியும் மருத்துவரும் ஆறுதல் கொண்டுவிடுகிறோம். வலி தொடர்ந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். அதில் ஐயம் எழுந்தால், ஸ்கேன் உதவியுடன் ஊசி செலுத்திச் சிறிதளவு திசுவை எடுத்துச் சோதிக்கிறோம். முதுகில் ஊசியா என்று அஞ்சுவோர் பலர். ஆனால் அச்சோதனையே நோயை உறுதிசெய்கிறது. வழக்கமான மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் காட்டுகிறது. மருந்தை வெறும் ஊகத்தில் தொடங்குவதை இயன்றவரை தவிர்க்கிறோம்.

மருந்துகள் வருமுன்னர் இந்நோயாளிகளை மாதக்கணக்கில் பிளாஸ்டர் படுக்கையில் கிடத்தி வைத்தனர். பின்னர் மருந்துடன் பெரிய அறுவை சிகிச்சையும் தேவை என்ற கருத்து நிலவியது. அக்கருத்தைச் சோதித்த முக்கிய ஆய்வுகளுள் ஒன்று 1970-களில் நம் சென்னையில் நடைபெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சேத்துப்பட்டு காசநோய் ஆய்வு மையம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவுடன் இணைந்து அதனை நடத்தியது. நடமாடிக்கொண்டே மருந்து மட்டும் உட்கொண்டவர்களும், அறுவை சிகிச்சையுடன் மருந்து பெற்றவர்களும் பத்தாண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். 1999-இல் வெளியான முடிவுகளின்படி, மருந்து மட்டும் பெற்றவர்கள் குணமடைவதில் பின்தங்கவில்லை. இன்று நாங்கள் பலரிடம் 'அறுவை சிகிச்சை வேண்டாம்' என்று உறுதியாகச் சொல்வதற்கு இத்தகைய ஆய்வுகளே அடிப்படை. கால்கள் செயலிழந்து வருபவர்கள், முதுகெலும்பு நிலைகுலைந்தவர்கள், மருந்துக்குக் கட்டுப்படாதவர்கள் ஆகியோருக்கு அறுவை சிகிச்சையின் தேவை இன்றும் இருக்கிறது.

மருந்துகள் அரசுத் திட்டத்தில் இலவசம். ஊட்டச்சத்துக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வழங்கப்படுகிறது. நுரையீரல் நோய்க்கு ஆறு மாதம் என்றால், முதுகெலும்புக்குப் பெரும்பாலும் 12 மாதங்கள். சிலருக்கு 18 மாதங்கள் வரை நீளும். இங்கேதான் பலர் தவறுகின்றனர். மூன்றாம் மாதத்தில் வலி நீங்கிவிடும், எடை கூடும், வீட்டில் பொங்கலோ திருமணமோ வரும், மருந்து நின்றுவிடும். வலி நின்றதாலேயே கிருமி அழிந்துவிட்டதாகாது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது மருந்தின் இயல்பே, அஞ்ச வேண்டாம். கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால், நிறங்கள் மங்கித் தெரிந்தால், அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திராமல் உடனே வாருங்கள்.

குடும்பத்தினர் தாழ்ந்த குரலில் கேட்கும் ஒரு கேள்வி: "எங்களுக்கும் ஒட்டுமா?" முதுகெலும்பில் மட்டும் உள்ள நோய் உடன் உண்பதாலோ உறங்குவதாலோ பரவாது. நுரையீரலிலும் நோய் உண்டா என்பதை அறியவே மார்பு எக்ஸ்ரே எடுக்கிறோம். தனித் தட்டு, தனி அறை தேவையில்லை. மகளின் திருமணம் தடைபடும் என்று கருதி, கோப்பில் நோயின் பெயரை எழுத வேண்டாம் எனக் கேட்கும் பெற்றோரும் உண்டு. காசநோயை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் எங்கள் கடமை; அண்டை வீட்டாருக்குத் தெரிவிப்பது அன்று. அந்த விவரங்கள் மறைவாகவே காக்கப்படும்.

குழந்தைகளைப் பற்றித் தனியே கூற வேண்டும். பெரியவர்களுக்கு நோய் ஆறியபின் கூன் பெரும்பாலும் அதே அளவில் நின்றுவிடும். வளரும் குழந்தைக்கு அப்படியன்று. அழிந்த முன்பகுதி வளராது. பின்பகுதி வளர்ந்துகொண்டே இருக்கும். கிருமி முற்றிலும் ஒழிந்த பின்னரும் சிலருக்குக் கூன் ஆண்டுதோறும் பெரிதாகலாம். சென்னை ஆய்வில் சிகிச்சை பெற்ற குழந்தைகளை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன், யாருக்குக் கூன் கூடும் என்பதை முன்கூட்டியே உணர்த்தும் நான்கு எக்ஸ்ரே அடையாளங்களை 2001-இல் வெளியிட்டார். அவற்றை உரிய காலத்தில் கண்டால், கூன் பெரிதாகுமுன் அறுவை சிகிச்சையால் தடுக்க இயலும்.

எனவே மருந்து முடிந்த குழந்தையையும் வளர்ச்சி நிற்கும் வரை ஆண்டுக்கு ஒருமுறையேனும் எங்களிடம் அழைத்து வாருங்கள். வரும்போது பழைய எக்ஸ்ரே படங்கள் அனைத்தையும் கொண்டுவர வேண்டும். வளைவு கூடியதா என்பதை அவற்றோடு ஒப்பிட்டே அளக்கிறோம்.