கமடோர் 64 எஸ்டி கார்டைப் படிப்பது எப்படி?

1982இல் வெளிவந்த கமடோர் 64 கம்ப்யூட்டருக்கு எஸ்டி கார்டு என்றால் என்னவென்றே தெரியாது. பிறகு எப்படி அதிலுள்ள கோப்புகளைப் படிக்கிறது?

அதன் 1541 ஃபிளாப்பி டிரைவ், கேபிள் வழியே வரும் கட்டளைகளுக்குப் பதில் சொல்லும் தனிக் கருவி. எஸ்டி2ஐஇசி என்ற சிறு சர்க்யூட் போர்டு அதே கேபிளில் அமர்ந்து, அதே முறையில் பதில் தருகிறது. சுமார் 170 கிலோபைட் கொண்ட ஃபிளாப்பியின் ஒரு பக்கம், கார்டில் ஒரு டி64 கோப்பு. லேப்டாப்பிலிருந்து அந்தக் கோப்பைக் கார்டுக்கு நகலெடுத்தால் போதும்.

ஆனால் சில விளையாட்டுகள் ஓடாது. ஏன்? 1541க்குள் தனியாக 6502 செயலியும் 2 கிலோபைட் நினைவகமும் உண்டு. விரைவாக ஏற்றுவதற்காக அந்த விளையாட்டுகள் தம் நிரலை டிரைவுக்கே அனுப்பி ஓட்டுகின்றன. எஸ்டி2ஐஇசியில் அந்தச் செயலி இல்லை. ராஸ்பெர்ரி பையில் இயங்கும் பை1541, அந்தச் செயலியையும் சேர்த்தே போலச்செய்கிறது.

கோப்பு மாற்ற மட்டும் என்றால் எஸ்டி2ஐஇசி போதும். விளையாட்டுப் பிரியர்கள் பை1541 பயன்படுத்துவதே நல்லது.