தன்னை எண்ண மறந்த சீடர்
(வானொலி மறையுரை)



பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் போடும் விவசாயிகளைப் பாருங்கள். தாளின் நுனி லேசாகக் கருகினாலே போதும், பயிருக்கு ஏதோ நோவு என்று கண்டுகொள்வார்கள். ஆனால் அதே வீட்டில் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் மகளின் முகவாட்டம் யார் கண்ணிலும் படுவதில்லை. பட்டாலும், "படிக்கச் சோம்பல், வேறென்ன?" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

லூக்கா நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கேட்பதும் இதுதான். மேற்கே மேகம் எழும்பினால் மழை, தெற்கிலிருந்து காற்றடித்தால் வெயில் என்று சரியாகச் சொல்லும் மக்கள், கண்முன் நடப்பதை மட்டும் ஏன் உணரவில்லை என்று வருந்துகிறார். வானத்தை அறியக் கற்ற நமக்கு மனிதரை அறியவும் கற்க முடியும். எப்படி?

நம் அரியலூர் மாவட்டத்திலேயே அதற்கு ஓர் ஆசான் இருக்கிறார். ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னை திருத்தலத்தில் பணியாற்றிய வீரமாமுனிவர், 1680இல் இத்தாலியில் பிறந்த இயேசு சபைக் குரு. இங்கு வந்ததும் அவர் எடுத்த எடுப்பில் போதிக்கத் தொடங்கிவிடவில்லை. முதலில் மாணவராக உட்கார்ந்தார். இலக்கண நூல்களோடு, மக்கள் அன்றாடம் பேசும் பேச்சையும் கற்றார். உடையையும் உணவையும் நம் மண்ணுக்கேற்ப மாற்றிக்கொண்டார். தேம்பாவணியும், 1732இல் முடித்த சதுரகராதியும் அந்தப் பொறுமையில் விளைந்தவை. பிறரை அறிய விரும்புகிறவர் முதலில் கேட்கவும், தன்னை மாற்றிக்கொள்ளவும் தயாராக இருக்க வேண்டும் என்பதே அவர் வாழ்வு தரும் பாடம்.

அவர் எழுதிய பரமார்த்த குருவின் கதை நமக்குத் தெரிந்ததுதான். குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறியதும் ஒரு சீடர் எண்ணுகிறார், ஐந்து பேர்தான்! ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டது என்று எல்லாரும் அழுகிறார்கள். எண்ணியவர் தன்னை எண்ண மறந்துவிட்டார். வழிப்போக்கர் ஒருவர் வந்து ஒவ்வொருவராகத் தட்டி எண்ணிய பிறகே ஆறு பேர் என்று தெரிகிறது.

சிரிக்கிறோம். ஆனால் நம் வீட்டுச் சண்டையில் நடப்பதும் இதுதானே? "அவளுக்குக் கோபம் அதிகம், அவனுக்குப் பொறுப்பில்லை, அம்மாவுக்குப் பிடிவாதம்" என்று எல்லாரையும் எண்ணுகிறோம். நம் குரல் உயர்ந்ததை எண்ணுவதில்லை. மகளின் மௌனத்தைச் சோம்பல் என்கிறோம். பேச வந்தபோதெல்லாம் நாம் கைப்பேசியிலிருந்து தலை நிமிரவில்லை என்பது நினைவுக்கு வருவதில்லை. பிறர் கண்ணின் துரும்புக்கு முன் நம் கண்ணின் மரக்கட்டையைக் கவனிக்கச் சொன்னார் ஆண்டவர் (மத்தேயு 7:3-5). நம்மையும் சேர்த்து எண்ணினால்தான் கணக்குச் சரியாகும்.

யோவான் நற்செய்தி 4ஆம் அதிகாரத்தில் இயேசுவைப் பாருங்கள். நண்பகலில் தண்ணீர் எடுக்க வந்த சமாரியப் பெண்ணின் வாழ்வை அவர் முழுவதும் அறிந்திருந்தார். ஆனாலும் குற்றத்தைச் சொல்லித் தொடங்கவில்லை. தமக்குக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அறிந்துகொண்டதை அவளை மடக்கப் பயன்படுத்தாமல், நிமிர்த்தப் பயன்படுத்தினார். அந்தப் பெண் குடத்தை விட்டுவிட்டு ஊருக்குள் ஓடினாள், நற்செய்தி சொல்ல.

இந்த வாரம் ஒன்று செய்வோம். இரவு செபத்துக்குப் பின் அன்று சந்தித்த ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவர் முகம் எப்படி இருந்தது? நான் என்ன பேசினேன்? கேட்காமலே எதை முடிவு செய்தேன்? மறுநாள் அவரிடமே போய், "என்னம்மா, ஏதும் கஷ்டமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருப்போம். நாம் நினைத்தது தவறாக இருந்தால் அதை ஒத்துக்கொள்வோம். வளர்ச்சி அங்கேதான் தொடங்குகிறது.

ஆண்டவரே, முகத்தை அல்ல, அகத்தைப் பார்க்கிறவர் நீர். பிறரை அன்போடு அறியவும், எங்களையும் மறவாமல் எண்ணிப் பார்க்கவும் வரம் தாரும். ஆமென்.