ஏரியடியில் உறங்கிய கப்பல்கள்

மூழ்கிய கப்பல் என்றதும் நம் மனம் சமுத்திரத்தையே நினைக்கும். ஆனால் மரக்கப்பல் நெடுங்காலம் அழியாதிருப்பதற்கு ஏற்ற இடம் குளிர்ந்த நன்னீர் ஏரிதான். கடலில் மரத்தைத் துளைத்துத் தின்னும் புழு அங்கே வாழ்வதில்லை.

அமெரிக்கச் சுதந்தர யுத்தத்தில், 1776-ம் வருஷம் அக்டோபர் 11-ந் தேதி, சாம்ப்ளேன் ஏரியில் வால்கூர் தீவருகே ஒரு போர் மூண்டது. ஒரே கோடைக்குள் அவசரமாகக் கட்டிய சிறு கடற்படையுடன் அமெரிக்கர்கள் பிரிட்டிஷ் படையை எதிர்த்துத் தோற்றார்கள். ஆயினும் குளிர்காலம் நெருங்கவே பிரிட்டிஷார் கனடாவுக்குத் திரும்பினர். அந்தத் தோல்வி சுதந்தரப் படைக்கு ஒரு வருஷ அவகாசம் தேடித் தந்தது. மறுவருஷம் ஸாரடோகாவில் பிரிட்டிஷ் சேனை ஒன்று சரணடைந்தது.

அன்று மூழ்கிய ‘பிலடெல்பியா’ என்னும் பீரங்கிப் படகை 1935-ல் லோரென்ஸோ ஹாக்லண்ட் என்ற இஞ்சினீயர் வெளியே கொணர்ந்தார். சுமார் 60 அடி ஆழத்தில் அதன் பாய்மரம் நின்றபடியே இருந்தது. பக்கப் பலகையில் பகைவரின் குண்டு பதிந்திருந்தது! முந்திய ஆண்டில் அவர் எடுத்த ‘ராயல் ஸாவேஜ்’ கப்பலுக்கோ அந்தப் பாக்கியம் இல்லை. அதன் மரங்கள் பல்லாண்டுகள் பிரித்துப் போட்டபடியே கிடந்தன.

இதனினும் சோகமானது மிச்சிகன் ஏரிக் கதை. அதன் கிளையான க்ரீன் பே விரிகுடாவில் 1864-ல் புயலில் கவிழ்ந்த ‘ஆல்வின் கிளார்க்’ என்ற பாய்க்கப்பலை 1969-ல் தூக்கினார்கள். நீரை இறைத்ததும், நூற்றைந்து வருஷம் உறங்கிய கப்பல் தானாகவே மிதந்தது. ஜனங்கள் ஆரவாரித்தனர். ஆனால், நீரில் ஊறிய மரத்தின் உருவத்தைத் தாங்குவது அந்த நீரேயல்லவா? ஈரம் வற்ற வற்ற மரம் சுருங்கி, வெடித்து, உளுத்தது. காப்பாற்றப் போதிய பொருளுதவி கிடைக்கவில்லை. 1994-ல் அக்கப்பலை இடித்துத் தள்ளினார்கள்.

‘பிலடெல்பியா’வை ஹாக்லண்ட் ஆயுள் உள்ளவரை பேணினார். பின்னர் அது வாஷிங்டன் நகரில் ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனத்தின் பொருட்காட்சிசாலையை அடைந்தது. அதன் இனத்தைச் சேர்ந்த ‘ஸ்பிட்பயர்’ படகு 1997-ல் ஏரியடியில் புலப்பட்டபோது, கண்டவர்கள் அவசரப்பட்டுத் தூக்கவில்லை. முன்னோர் தியாகச் சின்னத்தை எடுக்கச் சில நாள் உற்சாகம் போதும். அதைக் காக்கத் தலைமுறை தலைமுறையாகச் சிரத்தை வேண்டும்.