கம்பத்தில் நின்ற ஏரியல் கைக்குள் வந்தது எப்படி?

எலவனாசூர்கோட்டை கடைத்தெரு. ஒருவர் சட்டைப்பையில் இருந்து செல்போனை எடுக்கிறார். சென்னையில் இருக்கும் மகளுடன் பேசுகிறார். பேச்சு பக்கத்தில் இருந்து கேட்பது போல் தெளிவாகக் கேட்கிறது.

மறுநாள் அதே மனிதர் கல்வராயன் மலைக்குப் போகிறார். மலை மடிப்புக்குள் இருக்கும் ஒரு சிற்றூரில் நின்றுகொண்டு, அதே போனில், அதே மகளைக் கூப்பிடுகிறார்.

போன் ஊமையாகிவிட்டது!

போன் பழுதாகவில்லை. கட்டிய பணமும் தீர்ந்துவிடவில்லை. பின் ஏன் பேச முடியவில்லை?

கோபுரம் தொலைவில் இருக்கிறது என்பது பாதி விடை. மீதிப் பாதி, போனுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அதுதான் ஏரியல். "ஆன்டெனா" என்றும் சொல்வார்கள்.

மூங்கில் கழியும் மீன்முள்ளும்

வானொலிப் பெட்டி ஊருக்குள் வந்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கூரையின் மேல் மூங்கில் கழி நட்டு, அதில் ஏரியல் கம்பியை இழுத்துக் கட்டுவார்கள்.

அதன் பிறகு டெலிவிஷன் வந்தது. மாடிக்கு மாடி, மீன்முள் போன்ற ஏரியல் முளைத்தது. 1926-ம் ஆண்டில் யாகி, உடா என்ற இரண்டு ஜப்பானிய விஞ்ஞானிகள் உருவாக்கிய ஏரியல் அது. காக்கை உட்கார்ந்து அதைத் திருப்பிவிட்டால் படம் போய்விடும். ஒருவர் மாடியில் ஏறித் திருப்புவார். கீழே இருப்பவர்கள், "தெரியுது, தெரியுது!" என்று கத்துவார்கள்.

இவற்றுக்கெல்லாம் முந்திய ஏரியல் இன்னும் பெரியது. 1901-ம் ஆண்டு டிசம்பர் 12-ந்தேதி, இங்கிலாந்தில் இருந்து கடலைக் கடந்து வந்த கம்பியில்லாத் தந்தியைத் தாம் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். அவர் இருந்த இடம், இன்று கனடாவைச் சேர்ந்த நியூபவுண்ட்லாந்து தீவு. அவருடைய ஏரியல் சுமார் 150 மீட்டர் நீளமுள்ள கம்பி. அதைத் தூக்கிப் பிடிக்கக் கம்பம் போதவில்லை. காற்றாடி விட்டு, அதில் கட்டினார்!

அப்படிப்பட்ட ஏரியல் இன்று விரல் நீளத்துக்குள் வந்துவிட்டது.

புல்லாங்குழல் சொல்லும் பாடம்

ஏரியலின் நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு.

புல்லாங்குழலைப் பாருங்கள். நீளமான குழலில் கனத்த சுருதி வரும். குட்டையான குழலில் மெல்லிய சுருதி வரும். குழலின் நீளம்தான் சுருதியை முடிவு செய்கிறது. ஏரியலும் அப்படியே. ரேடியோ அலையின் நீளம் எவ்வளவோ, அதில் கால் பங்கு இருந்தால் ஏரியல் நன்றாக வேலை செய்யும்.

ரேடியோ அலை ஒரு நொடியில் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. நொடிக்கு எத்தனை முறை அது அதிர்கிறது என்பதைக் கொண்டு அலையின் நீளத்தைக் கணக்கிடலாம். ஒரு மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 10 லட்சம் அதிர்வு.

700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர். அதற்கு ஏரியல் சுமார் 11 சென்டிமீட்டர் வேண்டும். 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 8 சென்டிமீட்டர். 1,800-க்கு 4 சென்டிமீட்டர். 3,300-க்கு 2 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டினால் போதும்.

அலை குட்டையானால் ஏரியலும் குட்டையாகும். மிகவும் குட்டையான அலைகளை எடுத்து வேலை வாங்கிக் காட்டியவர் ஓர் இந்தியர்! 1895-ம் ஆண்டில் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தா நகர மண்டபத்தில் ஒரு சோதனை செய்தார். அலை சுவர்களைக் கடந்து போய், தூரத்தில் இருந்த மணியை அடித்தது; வெடிமருந்தை வெடிக்கச் செய்தது. அவர் ஆராய்ந்த அலைகளில் சில, சில மில்லிமீட்டர் நீளமே கொண்டவை. அலையைப் பிடிக்க அவர் வைத்தது ஒரு சிறு புனல்!

அப்படியானால் எல்லாவற்றுக்கும் குட்டை அலையையே வைத்துக்கொள்ளலாமே?

கூடாது. குட்டை அலை நிறையச் செய்தியைச் சுமக்கும். ஆனால் அதற்கு எட்டும் தூரம் குறைவு. சுவரும் மரமும் அதைத் தடுத்துவிடும். நீண்ட அலை அதிக தூரம் போகும். மேட்டைச் சுற்றி ஓரளவு வளைந்தும் போகும். ஆகவே இரண்டும் வேண்டும்.

ஓர் உடலில் பல அலைகள்

இந்தியாவில் 1995-ம் ஆண்டு ஜூலை 31-ந்தேதி முதல் செல்போன் பேச்சு நடந்தது. கல்கத்தாவில் இருந்து முதல்-மந்திரி ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசினார். அந்தக் காலத்துப் போன்களில் ஏரியல் வெளியே குச்சி போல் நீட்டிக்கொண்டிருக்கும். 1999-ம் ஆண்டில் வந்த "நோக்கியா 3210" ஏரியலை உள்ளே ஒளித்து வைத்தது. உலகெங்கும் விற்றது. அதன் பிறகு குச்சி ஏரியல் மெல்ல மறைந்தது.

குச்சி போனது. வேலை போகவில்லை, பெருகியது! இன்றைய போன் 700, 800, 900, 1,800, 2,100, 2,300, 3,300 மெகாஹெர்ட்ஸ் என்று பல அலைகளைப் பிடிக்க வேண்டும். வழி காட்டும் செயற்கைக்கோளைக் கேட்க வேண்டும். வைபை வேண்டும், புளூடூத் வேண்டும். போனின் நீளமோ ஒரு சாண் கூட இல்லை. அதிலும் திரை, பேட்டரி, கேமரா போக, ஏரியலுக்கு மிஞ்சுவது ஓரத்தில் உள்ள சிறு விளிம்புதான்.

போனில் ஒன்றுக்கு மேற்பட்ட ஏரியல்கள் உண்டு. ஆனால் அலைக்கு ஒன்று வைக்க இடம் இல்லை. ஒவ்வொன்றும் பல அலைகளைக் கவனிக்க வேண்டும். எலவனாசூர்கோட்டையில் கோயில் கொண்டிருப்பவர் அர்த்தநாரீஸ்வரர். அங்கே ஓர் உடலில் இருவர். போனுக்குள்ளே ஒரு தகட்டில் நான்கைந்து அலைகள்!

இதற்கு நிபுணர்கள் கையாளும் தந்திரங்கள் பல.

முதல் தந்திரம், மடிப்பு. ஆறு கஜப் புடவையை மடித்தால் சிறு பெட்டியில் அடங்குகிறது அல்லவா? அது போல் செப்புப் பட்டையைப் பாம்பு போல் வளைத்து வளைத்து வைப்பார்கள்.

இரண்டாவது, கிளை. ஒரே இடத்தில் இருந்து நீண்ட கிளை ஒன்றும் குட்டைக் கிளை ஒன்றும் பிரியும். நீண்டது நீண்ட அலையைப் பிடிக்கும். குட்டை, குட்டை அலையைப் பிடிக்கும்.

மூன்றாவது, வெட்டு. தகட்டின் நடுவே மெல்லிய பிளவு வெட்டுவார்கள். மின்சாரம் அதைச் சுற்றிக்கொண்டு போகும். தகடு வளராமலே அதன் பாதை வளர்ந்துவிடும்!

நான்காவது, விசை. எந்த அலை தேவையோ அதற்குத் தக்கபடி, ஒரு நுண்ணிய மின்னணு விசை ஏரியலை அப்போதைக்கப்போது மாற்றி அமைக்கும்.

கோலம் போட்ட ஏரியல்

ஐந்தாவது தந்திரம் நம் வீட்டு வாசலை நினைவூட்டும்.

சில கோலங்களில் ஒரு பெரிய உருவம் இருக்கும். அதற்குள் அதே உருவம் சிறிதாக இருக்கும். அதற்குள் இன்னும் சிறிதாக இருக்கும். 1988-ம் ஆண்டில் அமெரிக்காவில் நாதன் கோகன் என்பவர் இத்தகைய வடிவத்தில் கம்பியை வளைத்து ஏரியல் செய்தார். பின்னர் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் கார்லஸ் புவந்தே, முக்கோணத்துக்குள் முக்கோணம் அமைத்தார். பெரிய முக்கோணம் நீண்ட அலையைப் பிடித்தது. சிறிய முக்கோணம் குட்டை அலையைப் பிடித்தது.

கோலத்தில் கணக்கு இருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டு அறிஞர்கள் முன்பே சொல்லியிருக்கிறார்கள். கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-ம் ஆண்டிலேயே, கோலம் வளரும் விதிகளைக் கணித முறையில் வகுத்துக் கட்டுரை வெளியிட்டார்கள்.

விரலுக்குத் தகுந்த வீக்கம்

இத்தனை தந்திரம் இருக்கும்போது, ஏரியலைக் கடுகு அளவுக்குச் சுருக்கிவிடலாமா?

இயற்கை அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1947-ம் ஆண்டில் வீலர், 1948-ம் ஆண்டில் லான் சூ என்ற இரண்டு விஞ்ஞானிகள் அமெரிக்காவில் அந்த எல்லையைக் கணக்கிட்டார்கள். அலையின் நீளத்தோடு ஒப்பிடும்போது ஏரியல் மிகவும் சிறியதானால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, அது பிடிக்கும் அலை வரிசை குறுகிவிடும். அல்லது, கொடுத்த சக்தியில் பெரும் பகுதி வெப்பமாக வீணாகும்.

சிறிய உருவம், அகன்ற அலை வரிசை, வீணாகாத சக்தி ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்காது. இரண்டை வாங்கினால் மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும். எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்வதுதான் ஏரியல் நிபுணரின் திறமை.

மலையில் போன் ஊமையானது ஏன் என்பது இப்போது புரியும். மேடு பள்ளம் கடந்து வரக்கூடியது 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற நீண்ட அலை. மலைக்கு ஏற்ற அலை அதுதான். ஆனால் சிறிய போனுக்குள் அடங்க அதிகம் சிரமப்படுவதும் அதே அலையின் ஏரியல்தான்!

கோபுரம் அருகில் இருக்கும்போது இந்தக் குறை தெரியாது. சிக்னல் ஏராளமாக இருக்கும். மலை மடிப்பில் அது நூல் போல் மெலிந்து வரும். அங்கே ஏரியல் இழக்கும் ஒவ்வொரு துளியும் பெரிய நஷ்டம். 2020-ம் ஆண்டு கொரோனா காலத்தில், தமிழ்நாட்டின் மலைக் கிராமங்களில் பிள்ளைகள் பாடம் கேட்கப் பாறைக்கும் மேட்டுக்கும் ஏறினார்கள். பிரசவ வலி, பாம்புக் கடி என்றால் 108-ஐ அழைக்கவும் அந்த நூல்தான் துணை.

நீங்கள் செய்யக்கூடியவை

சிக்னல் குறைந்த இடத்தில் போனை இறுகப் பொத்திப் பிடிக்காதீர்கள். ஏரியல் விளிம்பில் இருக்கிறது. கை, அலையை உறிஞ்சிவிடும். 2010-ம் ஆண்டில் வந்த "ஐபோன் 4", இடது பக்கத்தின் கீழ் மூலையைக் கை தொட்டதும் சிக்னலை இழந்தது. உலகமெங்கும் அதுவே பேச்சு! கடைசியில் அந்தக் கம்பெனி உறையை இலவசமாகக் கொடுத்தது.

உலோக உறை போடாதீர்கள். தகரக் கூரையின் கீழ் நின்று பேசுவதைவிட வெளியே வந்து பேசுங்கள். பத்தடி மேடு கூடப் பயன் தரும்.

சிக்னல் மெலிந்த இடத்தில் போன் தன் முழு பலத்தோடு கத்துகிறது. பேட்டரி சீக்கிரம் தீருவது அதனால்தான். அப்போது போனைக் காதில் ஒட்டி வைக்காமல் ஸ்பீக்கரில் பேசுவது நல்லது. உடலில் சேரும் சக்திக்கு இந்தியாவில் வரம்பு உண்டு. 2012-ம் ஆண்டு செப்டம்பர் முதல், உடல் திசுவில் கிலோவுக்கு 1.6 வாட் என்பதே அந்த வரம்பு.

மீதியைச் செய்ய வேண்டியது கோபுரம். சிக்னல் எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டு செல்லும் திட்டத்துக்கு 2022-ம் ஆண்டு ஜூலையில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது.

மனித மூளை ஏரியலை மடித்தது, வெட்டியது, கோலமாகப் போட்டது. கைக்குள் செய்யக்கூடியதில் பெரும் பகுதியைச் செய்து முடித்துவிட்டது. இயற்கை வகுத்த எல்லையை மட்டும் எந்த மூளையும் தாண்ட முடியாது. ஆகவே கைக்குள் இருக்கும் போன் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், மலைக்கு மேல் ஒரு கோபுரம் நின்றால்தான் மலை பேசும்.