"வாங்குவீர்களா?" என்று கேட்கலாமா?

"இந்தச் சரக்கு வந்தால் வாங்குவீர்களா?" என்று வாடிக்கையாளரிடம் கேட்பது நம்மில் பலருக்கும் வழக்கம். "வாங்கி வையுங்க, பார்ப்போம்" என்பார்கள். அது முகதாட்சண்யத்துக்குச் சொல்லும் சொல். அதை நம்பிச் சரக்கு போட்டால் முதல் முடங்கும்.

எங்கள் அனுபவத்தையே சொல்கிறோம். கோதுமை மாவு 5 கிலோ பையாக வந்தபோது, அரியலூர், செந்துறைப் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்களிடம் "ஓடுமா?" என்று கேட்டோம். "அனுப்புங்க முதலாளி, ஓடிடும்" என்றார்கள். 40 பை அனுப்பினோம். இரண்டு மாதத்தில் பாதிக்கு மேல் வண்டு விழுந்து திரும்பி வந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்ட கேள்விதான் சரியில்லை.

பிறகு, "போன வாரம் கோதுமை மாவு கேட்டு யார் வந்தார்கள்? எவ்வளவு வாங்கினார்கள்? எதற்கு?" என்று கேட்டோம். விஷயம் வெளியே வந்தது. வீட்டில் சர்க்கரை நோயுள்ள ஒருவருக்கு இரவுச் சப்பாத்திக்கு அரைக் கிலோ வாங்குகிறார்கள். மற்றவர்களுக்குச் சோறுதான். அரைக் கிலோ, ஒரு கிலோ பாக்கெட் போட்டோம். அதன்பின் தேங்கவில்லை.

பெரிய கம்பெனிகளும் இதில் சறுக்கியதுண்டு. அமெரிக்காவில் கோகோ கோலா கம்பெனி சுமார் 2 லட்சம் பேருக்குப் புதிய பானத்தைக் குடிக்கக் கொடுத்து, எது சுவை என்று கேட்டது. புதியதே என்றனர் அதிகம் பேர். பழையதை அடியோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு உரிய எடை தரவில்லை. 1985 ஏப்ரலில் புதியதை இறக்கினார்கள். ஜனங்கள் கொதித்துப் போகவே, 79 நாளில் பழையதையே கொண்டு வருவதாக அறிவித்தார்கள்.

நம் கடலூரில் சி.கே.ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய கம்பெனியின் சிக் ஷாம்புவைப் பாருங்கள். எந்தக் கம்பெனியின் காலி ஷாம்பு பாக்கெட் கொடுத்தாலும் சிக் பாக்கெட் இலவசம் என்று ஒரு திட்டம் நடத்தினார்கள். பிறகு சிக் காலி பாக்கெட் மட்டும் என்று மாற்றினார்கள். விற்பனைக்கான திட்டம்தான். ஆனால் எந்த ஷாம்பு தேய்க்கிறீர்கள் என்று வாயால் கேட்பதைவிட, கையில் வரும் காலி பாக்கெட் சரியான பதில் சொல்லிவிடும்.

நம் கடைக்கு இது போதும்: நடந்ததைக் கேளுங்கள். "விலை அதிகமா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்று எவர் சொல்வார்? "போன தடவை இதை எங்கே வாங்கினீங்க, என்ன விலை?" என்று கேளுங்கள். மாலைக் கூட்டத்தில் வேண்டாம். மதியம் ஆள் குறைந்த நேரத்தில் கேளுங்கள். பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் போடும் குடும்பத்தாரிடம், "போன வெங்காயப் பணம் வந்ததும் முதலில் என்ன வாங்கினீங்க?" என்று கேட்டால், அடுத்த அறுவடைக்கு என்ன கொள்முதல் செய்யலாம் என்பது தெரியும். இல்லை என்று திருப்பி அனுப்பிய சரக்கையும் ஒரு நோட்டில் தேதியுடன் குறித்து வாருங்கள்.