இருபத்திரண்டு கன்றும் நான்கு கன்றும்

மலாக்காவின் ஜாசினிலிருந்து அசகான் பக்கம் போனால் சாலையின் இரு பக்கமும் செம்பனைதான். லேடாங் மலை கண்ணில் படும்வரை ஒரே பச்சை. ஆனாலும் அங்கே பிறந்து வளர்ந்த பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். செம்பனை நிழலில் நின்றுகொண்டே ரப்பர்ப் பால்மரக் கதை சொல்வார்கள். விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டு, நெற்றியில் விளக்கு, மங்கில் சொட்டும் பால், கட்டிப்பாலின் நாற்றம். "தோட்டம்னா பால்மரம்தானே தம்பி" என்பார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தோட்டம் என்றால் செம்பனை. இன்னும் பின்னால் போய், 1890களுக்கு முந்தைய மலாக்காவில் ஒருவரைக் கேட்டிருந்தால் தோட்டம் என்றால் மரவள்ளி என்றிருப்பார்.

மண் ஒன்றுதான். அதில் எது விளைவது இயல்பு என்ற எண்ணம் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இன்று எல்லோரும் நடுவது, நேற்று யாரும் தொடத் தயங்கியது. நாளைக்கு எது என்பதை அறிய வேண்டுமானால், இன்று யாரும் திரும்பிப் பார்க்காதவற்றைக் கொஞ்சம் பார்த்து வைக்க வேண்டும்.

புக்கிட் லிந்தாங்கில் ஒரு சோதனை

1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை சில ஆயிரம்தான். மறு ஆண்டு அவற்றில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. வந்து இருபது ஆண்டுகள் ஆகியும் தோட்ட முதலாளிகள் அவற்றைச் சீண்டவில்லை. காப்பிக்கு நல்ல விலை இருந்தது. மலாக்காவில் சீன முதலாளிகள் மரவள்ளி போட்டு, மண் சத்து இழந்ததும் அடுத்த காட்டை அழித்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். பால் தர ஆறேழு ஆண்டுகள் எடுக்கும் மரத்துக்கு யார் காத்திருப்பார்கள்?

காத்திருக்கச் சொன்னவர் ஒருவர் இருந்தார். 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி. மரத்தைச் சாகடிக்காமல், பட்டையை மெல்லச் சீவி, அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பால் எடுக்கும் முறையை அவர் வகுத்தார். பார்க்கிறவர்களிடமெல்லாம் விதையை நீட்டினார். 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வாங்கினார்.

அந்த விதையை நம்பி வாங்கியவர்களில் முதல்வர் மலாக்காக்காரரான டான் சாய் யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் நட்டார். மலாயாவில் வணிக நோக்கில் எழுந்த முதல் ரப்பர் தோட்டம் அதுதான். அங்கே மரம் தேறியதைக் கண்ட பிறகே புக்கிட் அசகானில் சுமார் 3,000 ஏக்கருக்குப் போனார். பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து விலை சரிந்தபோது மற்றவர்களும் ஓடி வந்தார்கள். பால் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரமாயிரமாய் மக்கள் கப்பலேறினார்கள். நம் லயங்கள் எழுந்தது அந்த மரத்தைச் சுற்றித்தான்.

புல்லே இருக்கக்கூடாது என்ற பிடிவாதம்

ரப்பர் வென்றதும் அதோடு சேர்ந்து சில பழக்கங்களும் சட்டம் போல நிலைத்தன. மரத்தடியில் ஒரு புல்கூடத் தென்படக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. நன்றாகச் சுரண்டிய மண்தான் நல்ல நிர்வாகத்தின் அடையாளம் என்று துரைமார்கள் நினைத்தார்கள். குனிந்து வெட்டியவர்கள் நம்மவர்கள். ஆனால் இந்த நாட்டு மழை வெறும் மண்ணில் நேராக விழுந்தால் மேல்மண் ஓடைக்குப் போய்விடும். சரிவான தோட்டங்களில் அப்படித்தான் போனது. பக்கத்தில் புல்லும் புதருமாகக் கிடந்த சிறு தோட்டக்காரர்களின் மரங்களோ நன்றாகவே பால் தந்தன.

அதைக் கண்டுதான் மூடுபயிர் பழக்கத்துக்கு வந்தது. அவரைக் குடும்பத்துக் கொடிகள் தரையைப் போர்வை போல மூடும். அவற்றின் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தரும். களை தலைதூக்க வெளிச்சம் கிடைக்காது. மழைத்துளி மண்ணை நேராக அறையாது. 1990களில் இப்படி ஒரு கொடி இந்தியாவிலிருந்து வந்து மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் பரவியது. பெயர் முக்குனா பிராக்டியாட்டா. நம் பூனைக்காலிக்குச் சொந்தம். வேர் ஆழமாக இறங்குவதால் வறட்சியைத் தாங்கும், மற்ற கொடிகளைவிட நிழலையும் பொறுக்கும், மாடு அதிகம் வாய் வைக்காது.

ஆனால் அந்தக் கொடிக்கு முன்பே களைக்கொல்லி விஷம் வேரூன்றிவிட்டது. முதலில் ஆர்சனிக் உப்பு, 1960களிலிருந்து பாராகுவாட். முதுகில் தோம்பைச் சுமந்து மருந்து அடித்தவர்களில் பெரும்பகுதி தமிழ்ப் பெண்கள். நகம் நிறம் மாறி உதிர்வதும் மூக்கில் ரத்தம் வடிவதும் அவர்களுக்கு வேலையின் ஒரு பகுதியாகவே ஆகிப்போயின. மலேசியா பாராகுவாட்டை முற்றிலும் தடை செய்தது 2020 ஜனவரி 1 முதல்தான். எல்லோரும் செய்கிறார்கள் என்பதற்காக ஒன்றைக் கேள்வி கேட்காமல் விட்டால், அதன் விலையை யார் உடம்பு கொடுக்கிறது என்பதை நம் அம்மாக்களின் கைகளைப் பார்த்தால் தெரியும்.

சோம்பு மணமும் ஒரு வண்டும்

செம்பனைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. அதன் மகரந்தத்தைக் காற்றுதான் சுமக்கிறது என்று நெடுங்காலம் எல்லோரும் நம்பினார்கள். மலேசியாவில் காய் சரியாகப் பிடிக்காததால், தொழிலாளர்கள் மரம் மரமாகப் போய்ப் பெண்பூவில் கையால் மகரந்தம் தூவினார்கள். கூலியும் நேரமும் கரைந்தன.

கேமரூனில் வேலை பார்த்துவிட்டு மலேசியா வந்த லெஸ்லி டேவிட்சனுக்கு ஒரு கேள்வி உறுத்தியது. ஆப்பிரிக்காவில் யாரும் தூவாமலே காய் நிறைகிறதே, எப்படி? பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் கேமரூனுக்குப் போய் ஆராய்ந்தார். பூவில் சோம்பு போன்ற மணம் எழுகிறது. அந்த மணத்துக்கு மயங்கி வரும் சின்னஞ்சிறு கூன்வண்டு ஆண்பூவில் வளர்ந்து, உடம்பெல்லாம் மகரந்தத்தோடு பெண்பூவுக்குப் போகிறது. காற்றைவிட வண்டே முக்கியம் என்பது உறுதியானது. வேறு பயிர்களைத் தாக்காது என்று சோதித்த பின், 1981 பிப்ரவரியில் ஜோகூர் குளுவாங் பக்கத்தில் அதை விட்டார்கள். விரைவிலேயே தீபகற்பம் முழுக்கப் பரவியது. கையால் தூவும் வேலை நின்றது.

யாரும் மதிக்காத உயிர் பயன்பட்ட கதை கூகைக்கும் உண்டு. அலறினால் வீட்டுக்கு ஆகாது என்று விரட்டிய பறவைக்கு இன்று பல தோட்டங்களில் பெட்டி கட்டிக் குடிவைக்கிறார்கள். குஞ்சுகளோடு இருக்கும் ஒரு ஜோடி ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல் எலி பிடிக்கும். எலிகள் பழைய விஷத்துக்குப் பழகிவிட்டன. வீரியமான புது விஷமோ, அதைத் தின்ற எலியைப் பிடிக்கும் கூகையையும் கொல்கிறது.

விரல்விட்டு எண்ணும் வித்து

எனக்கு அதிகம் கவலை தருவது வேறொன்று. ஆசியத் தோட்டங்களின் ரப்பர் மரங்கள் பெரும்பாலும் விக்காமின் விதைகளின் வம்சம். அதிலும் நல்ல பால் தரும் சில மரங்களிலிருந்து ஒட்டுக்கன்றாகப் பெருக்கியவை. செம்பனையோ இன்னும் குறுகியது. 1848இல் ஜாவாவின் போகோர் பூங்காவில் நட்ட நான்கு கன்றுகளின் வழியில்தான் நம் தோட்டச் செம்பனையின் தாய்வழி வருகிறது.

ஒரே இரத்தம் என்றால் ஒரே நோய்க்கு எல்லாம் சாயும். 1928இல் ஹென்றி ஃபோர்டு அமேசானில் தொடங்கிய ஃபோர்ட்லாண்டியா ரப்பர் தோட்டத்தை இலைக்கருகல் பூஞ்சை சீரழித்தது. 1945இல் அதைக் கைகழுவினார்கள். அந்தப் பூஞ்சை இதுவரை ஆசியாவுக்கு வரவில்லை. இப்போதைக்கு நம் பெரிய காவல் அது வராததுதான்.

மாற்று ஒன்று கையில் இருந்தும் விட்டுவிட்ட கதையும் உண்டு. 1942இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் ரப்பர் இல்லாமல் தவித்த அமெரிக்கா, மெக்சிகோ பாலைவனத்துக் குவாயூல் புதரை நட்டது. அதன் பாலில், ரப்பர் கையுறையில் சிலருக்கு ஒவ்வாமை தரும் புரதங்கள் இல்லை. போர் முடிந்து மலாயாப் பால் திரும்பியதும் அந்த வயல்களை அழித்தார்கள். பிறகு அதே ஆராய்ச்சியை மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. இதற்கு மாறாக, 1981இல் ரப்பர் ஆராய்ச்சி செய்யும் நாடுகள் சேர்ந்து அமேசானுக்குப் போய் 60,000க்கும் மேற்பட்ட காட்டு விதைகளைச் சேகரித்தன. ஒரு பங்கு மலேசியாவுக்கு வந்தது. அவை இன்று அதிகப் பால் தராமல் இருக்கலாம். ஆனால் நாளை வரும் நோய்க்கு விடை அவற்றில் இருக்கலாம்.

டான் சாய் யான் அசகானில் ரப்பரோடு மரவள்ளியையும் நட்டார் என்பதை நினைத்துக்கொள்கிறேன். தெரிந்தது வயிற்றைப் பார்த்துக்கொண்டது, தெரியாதது வளர அவகாசம் பெற்றது. பழையதை வெட்டி எறியவுமில்லை, புதியதைப் பார்த்துச் சிரிக்கவுமில்லை. அந்த 40 ஏக்கர் இல்லாமல் 3,000 ஏக்கர் இல்லை. நம் தோட்டத்திலும் நம் வீட்டுக் கொல்லையிலும், யாரும் நடாத ஒன்றுக்கு ஒரு மூலையை ஒதுக்கி வைப்போம்.